கிணற்று மேல் பிள்ளையார்

எதிர் வீட்டைப் பார்க்கவா வந்தாய்? சாவி வாட்ச்மேன் மாடசாமியிடம் இருக்கிறது. அவன் சாப்பிடப் போயிருக்கிறான். போனால் ஒரு கண் அயர்ந்துவிட்டுத்தான் வருவான். படிக்கட்டில் நின்றுகொண்டிருக்காதே அம்மா, உள்ளே வந்து உட்கார்.

வீடு நல்ல வீடு. கிழக்குப் பார்த்த வாசல். அடுக்களையில் காற்று வரும். இவ்வளவு நல்ல வீடு ஏன் இத்தனை நாள் காலியாகக் கிடக்கிறது என்று யோசிப்பாய். கீழே யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். சொன்னார்களா? இல்லையா? சரி. அவர்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆவுடையப்பனும் உலகம்மாளும். அவர் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பொருநைக் குடியிருப்புக்குச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அவர்தான் தலைவர். வருஷா வருஷம் அவரேதான். வேறு யாரும் நிற்க மாட்டார்கள். நின்றாலும் கையைத் தூக்கச் சொல்லி அவரே எண்ணுவார். உலகம்மாள் அவருடைய மனைவி. நான் உலகு என்று கூப்பிடுவேன்.

என் பெயர் செண்பகவல்லி. பெண்கள் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவியாக இருந்தேன். இங்கே எல்லோரும் டீச்சர் என்பார்கள். நான் டீச்சர் இல்லை, பேராசிரியை என்று வந்த புதிதில் திருத்திப் பார்த்தேன். சரிங்க டீச்சர் என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

உலகு மட்டும் அக்கா என்பாள். சாயந்தரமானால் கதவைக்கூடத் தட்ட மாட்டாள். நேரே அடுக்களைக்குப் போய் இரண்டு பேருக்கும் காப்பி கலந்து கொண்டுவந்து, நீ உட்கார்ந்திருக்கிறாயே, அந்த நாற்காலியில் உட்காருவாள். அவள் வீட்டுக்காரருக்குச் சொல்லாததையெல்லாம் எனக்குச் சொல்வாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். எனக்கு வீடு என்றால் அந்த ஒரு மணி நேரம்தான். அது இருக்கட்டும்.

நான் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். எங்கள் கரிசல் காட்டில் தண்ணீர் என்றால் என்ன என்று உன் வயசுக்காரர்களுக்குச் சொன்னால் கதை என்பார்கள். ஒரு வீட்டில் மட்டும் கிணறு ஊறும். அந்த வீட்டு அம்மாள் படியில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவாள். எங்கள் அம்மா குடத்தோடு போய் நிற்பாள். போனவுடன் தர மாட்டாள் அந்த மகராசி. என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். குடத்தோடு வந்தவளுக்கு என்ன வேண்டும் என்று தெரியாதா? அம்மா வாயைத் திறந்து, தண்ணி வேணும் தாயி என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் வாளி உள்ளே இறங்கும். அந்த அம்மாளை நான் மன்னிக்கவே இல்லை. அவள் செத்த செய்தி வந்தபோது கல்லூரியில் இருந்தேன். காண்டீனில் ஜாங்கிரி வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்த ஊர் அப்படி இல்லை. இங்கே ஆறு இருக்கிறது. ஆறு இருக்கிறது, ஆறு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பொறுக்காது. ஒரு நாள் இந்தக் குழாய் நின்றால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்து, ஓய்வு பெற்ற வருஷம் முழுக்க உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டேன். பொதுக் குழாய் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று. வீட்டுக்கு ஒரு மூடி போட்ட டிரம். மாடிக்கு ஒரு பொறுப்பாளர். கைக்குழந்தை வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் முதல் குடம். தரைத்தொட்டியின் வாயை உயர்த்திக் கட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலையில் இருக்கும் அந்தக் கிணறு.

இந்தக் கட்டடம் வருவதற்கு முன்னால் இது நெல் வயல். வயற்காட்டுக் கிணறு ஒன்று பின்பக்க மூலையில் கல் கட்டோடு அப்படியே இருந்தது. தூர் வாரி, மூடி போட்டு, ஒரு அடிபம்பு வைத்துவிட்டால் கரண்டே வேண்டாம். ஒரு குடியிருப்புக்கே போதும். எழுதினேன். பிரதி எடுத்து எல்லோர் வீட்டுக்கும் கொடுத்தேன். வருஷக் கூட்டத்தில் எழுந்து வாசித்தேன்.

வாசித்து முடிக்கவில்லை, ஆவுடையப்பன் சிரித்தார். "டீச்சர், ஆத்தங்கரையில இருந்துக்கிட்டுத் தண்ணிக்குத் திட்டம் போடுதது, அடுப்படியில உக்காந்துக்கிட்டுக் கம்பளி கேக்க மாதிரில்லா இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டாரா? "கோவில்பட்டிக்காரங்க கனவுலயும் குடத்தோடதான் நடப்பாவ" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

அவர் சொன்னது எனக்குப் பெரிதில்லை. கல்லூரியில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உலகு சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. அம்மாவும் கிணறும் வெற்றிலையும் அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன், அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தபோது. வேறு யாருக்கும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவள் காப்பி போட வந்தாள். நான் கதவைத் தாழ் போட்டிருந்தேன்.

கிணற்றைத் திறக்க வேண்டும் என்று நான் விடாமல் கேட்டேன். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். ஆவுடையப்பன் என்ன செய்தார் தெரியுமா? கிணற்று வாயைக் காங்கிரீட் பலகையால் மூடி, அதன் மேல் பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். கறுப்புக் கல், கைக்குழந்தை அளவுக்கு. திருடி வைத்த பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம் என்று சொல்வார்கள் இல்லையா, ஆற்றங்கரை அரசமரத்தடியில் கேட்பாரற்று இருந்தவரைத் துண்டில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு வந்தாராம். பேங்க் மேனேஜர். தகரக் கூரை போட்டார். ஐயரைக் கூப்பிட்டுக் கும்பாபிஷேகம் செய்தார். செய்துவிட்டு, எல்லோரும் நிற்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இனி இவர அசைக்க நினைக்கவன் குடி வெளங்காது. சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். அடைத்தாயிற்று. இனி கிணறு என்று நான் வாயைத் திறந்தால் பிள்ளையாரை எடுக்கச் சொல்கிறவள் ஆகிவிடுவேன்.

சுண்டல் கொடுத்தார்கள். உலகுதான் கொடுத்தாள். பொட்டலம் மடிக்கப் பழைய தாள் தேடியிருக்கிறார்கள். என் திட்டத்தின் பிரதிகள்தான் வீடு வீடாகக் கிடந்ததே. நான் வாங்கிய பொட்டலத்தில் என் எழுத்து. வெள்ளம் வந்த பிறகு கிணற்று நீரை இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, அதற்கப்புறமும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று எழுதிய பக்கம். எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி இருந்தது. நின்ற இடத்திலேயே சுண்டலைத் தின்றேன். உப்பே இல்லை.

அன்றைக்குத் தீர்மானித்தேன். எனக்குக் கிணறு வேண்டாம். அடிபம்பு வேண்டாம். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். இந்தப் பிள்ளையாரைச் சாமிக்காக வைக்கவில்லை, டீச்சர் வாயை அடைக்கத்தான் வைத்தேன் என்று அந்த மனிதர் தன் வாயால், எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. காத்திருக்கத் தெரிந்தவர்கள்தான் எங்கள் ஊர்க்காரர்கள்.

பிறகு அந்த மழை வந்தது. அந்த மழையைப் பற்றி உனக்கும் தெரிந்திருக்கும். ஆறு வந்து மோட்டார் அறைகளையும் குழாய்களையும் உருட்டிக்கொண்டு போய்விட்டது. ஊர் பூராவும் தண்ணீர், குழாயைத் திறந்தால் வெறும் காற்று. எங்கள் வளாகத்தில் இடுப்பளவு நின்று வடிந்தது. வடிந்த பிறகு பார்த்தால் தரைத்தொட்டியில் சாக்கடை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் சேற்றுக்குள்ளே. கரண்டு இல்லை. வாய்க்கால் பாலம் உடைந்துவிட்டதால் லாரி வர முடியாது. மழை பெய்தபோதாவது ஏந்தி வைத்தார்களா? ஜன்னலில் நின்று வீடியோ எடுத்தார்கள். வானம் வெளுத்த பிறகு சும்மா வாளியைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. என் படுக்கையறையில் கட்டிலைச் சுற்றி மூடிய டிரம்கள். நடுவில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் கிணற்றுக்குள் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் மாடியில் ஜெயசீலி என்று ஒருத்தி, சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அவள் மகளுக்குக் கைக்குழந்தை. கேட்பதற்கு முன்னாலேயே நானே கொண்டுபோய் ஒரு குடம் கொடுத்தேன். திட்டத்தில் கைக்குழந்தைக்குத்தான் முதல் குடம். நான் போட்ட திட்டத்தை நான் மீற மாட்டேன்.

மற்றவர்களுக்கு அப்போதுதான் கிணறு ஞாபகம் வந்தது. ஆவுடையப்பன் கடப்பாரையோடு வந்தார், கூட நாலைந்து ஆண்கள். நான் படியிறங்கிப் போனேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, பிள்ளையாருக்கு முன்னால் நின்றேன்.

பிள்ளையாரை அசைத்தால் குடி விளங்காது என்றீர்களே, யார் குடி என்று கேட்டேன்.

ஆபத்துக்குப் பாவமில்லை டீச்சர் என்றார்.

ஆபத்து வரும் என்று நான் சொன்னபோதுதானே இவர் வந்தார் என்றேன். கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன் கடப்பாரையைக் கீழே ஊன்றிக்கொண்டார். நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை, உனக்குச் சொன்னால் என்ன. ஆனால் அன்றைக்கு என் வாயில் பாலாலயம், பரிகாரம், தோஷம் எல்லாம் சரளமாக வந்தன. ஐயர் வந்து கும்பத்தில் இறக்காமல் சாமியை நகர்த்தலாமா? ஐயர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறார்? நாளைக்கு ஒரு வீட்டில் ஒன்று நடந்தால் யார் பொறுப்பு? ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். வெள்ளம் பார்த்து மூன்றாம் நாள் மனிதர்களுக்குப் பயம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜெயசீலி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "எங்களுக்கு அந்தப் பாவம் ஒட்டாதுல்லா, நான் வேணா எறங்கித் தூக்கட்டா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், வேதக்காரங்க தொட்டா அதுக்கு வேற பரிகாரம் பண்ணணும்மா என்று வெகு மரியாதையாகச் சொன்னார்.

அப்போது நான் வழி சொன்னேன். வழி சொல்லவில்லை என்று பின்னால் பேசினார்கள், அது பொய். எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். "அண்ணாச்சி, இவரைச் சாமிக்காக வைக்கலை, என் வாயை அடைக்கத்தான் வெச்சீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லிட்டா இவர் வெறும் கல். கல்லை நகர்த்த யாருக்கு என்ன பயம்?"

நியாயம்தானே? ஒரு வார்த்தை. அவர் முகம் சிவந்தது. "சாமிக்காகத்தான் வெச்சேன். வேற என்னத்துக்கு?" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதே தன் கையைக் கட்டிவிட்டது என்று அவருக்கே தெரிந்தது. சாமிக்காக வைத்தவர் எப்படிக் கடப்பாரை போடுவது? கடப்பாரையைச் சேற்றில் எறிந்துவிட்டுப் போனார். நான் வீட்டுக்கு வந்து காலைக் கழுவினேன். நன்றாகவே கழுவினேன்.

மறுநாள் காலையில் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். உலகு தனியாகக் கீழே போனாள். அவர்கள் வீட்டில் தண்ணீர் இல்லை, எதைத் தலையில் ஊற்றிக்கொண்டாளோ, ஈரத்தலை. பிள்ளையாருக்கு முன்னால் சேற்றிலேயே விழுந்து கும்பிட்டாள். எழுந்தாள். இரண்டு கையாலும் அவரை ஆட்டி, பெயர்த்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நல்ல கனம். ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். "பாவம் எனக்கு வரட்டும். நீங்க தண்ணிய எடுங்க" என்றாள்.

படியேறி வந்தாள். என் கதவு திறந்துதான் இருந்தது. நான் கதவில்தான் நின்றேன். திரும்பிப் பார்க்காமல் எதிரே போய்விட்டாள். பிள்ளையாரைச் சாப்பாட்டு மேஜை மேல் உட்கார வைத்தாளாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்? அத்தனை வருஷம் காத்திருந்து, அந்த மனிதர் நாக்கு நுனி வரைக்கும் கொண்டுவந்த வார்த்தையை, இவள் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பலகையை நகர்த்தினார்கள். வெள்ளத்தில் ஊறி நீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. பார்க்கப் பளிங்கு. வாளியை இறக்கினார்கள், குடம் குடமாக எடுத்தார்கள், நின்ற இடத்திலேயே அள்ளிக் குடித்தார்கள். சிலர் வேட்டித் துணியில் வடிகட்டினார்கள், பாவம், சுத்தம் பார்க்கிறார்களாம். யாரோ ஒருவன் என்னைப் பார்த்துக் குடத்தை உயர்த்தி, "டீச்சர், ஒங்களுக்கு வேண்டாமா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

வேண்டாம் என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வெள்ளம் புகுந்த கிணறு. நாலடி தள்ளி அடுத்த மனையின் கழிவுத்தொட்டி பொங்கி வழிந்திருந்தது. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர்களுக்கும்தான் எழுதிக் கொடுத்திருந்தேனே. அந்தப் பக்கத்தில்தானே சுண்டல் தின்றார்கள்? வேதியியல் படித்தவள் ஒருத்தி மேலே நிற்கிறாள். கிணறு கிணறு என்று வருஷக்கணக்காகக் கத்தியவள். இப்போது அந்தத் தண்ணீர் வேண்டாம் என்கிறாள். ஏன் டீச்சர் வேண்டாம் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? ஒருவரும் கேட்கவில்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஜெயசீலி வீட்டுக்கு மட்டும், குழந்தைக்கு இதையே கொடு, கிணற்று நீர் வேண்டாம் என்று இன்னொரு குடம் கொடுத்தனுப்பினேன். திட்டம் திட்டம்தான்.

பிறகு நடந்ததை நீயே ஊகிப்பாய். வாந்தி, பேதி. அடுப்பில் கேஸ் இருந்து காய்ச்சிக் குடித்தவர்கள் தப்பினார்கள். மற்ற வீடுகளில் எல்லாம் யாராவது ஒருவர் சுருண்டு கிடந்தார்கள். யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. உலகுக்குத்தான் மோசம். அவளுக்குச் சர்க்கரை உண்டு. எதிர் வீட்டுச் சத்தம் இங்கே கேட்கும். முதலில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு நடக்கிற சத்தம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, ஆளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதற்கு வாய்க்காலில் வெள்ளம் வடிய வேண்டும் என்று படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள்.

மத்தியானம் ஆவுடையப்பன் வந்து என் கதவைத் தட்டினார். சட்டை இல்லை. கையில் ஒரு சொம்பு.

"டீச்சர், நல்ல தண்ணி இருந்தா ஒரு சொம்பு குடுங்க. அவ நாக்கு ஒட்டிக்கிட்டு" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். படிக்கட்டில் ஆட்கள் இருந்தார்கள். மேல் மாடிக் கைப்பிடியில் நாலைந்து தலைகள்.

சொல்லுங்கள் என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தண்ணி என்றார் மறுபடி. தண்ணீர் சரி, கிணற்று மேல் பிள்ளையாரை எதற்கு வைத்தீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். மெதுவாக, சொம்பைப் பார்த்துக்கொண்டே.

மூன்றாம் மாடியில் கேட்கவில்லை என்றேன்.

"ஒங்க வாய அடைக்கத்தான் வெச்சேன்" என்று கத்தினார். "சாமிக்காக இல்ல. ஒங்களுக்காகத்தான் வெச்சேன். போதுமா தாயி? தண்ணி குடுங்க."

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. நான் அந்த நிமிஷத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? அந்த நிமிஷத்தில் எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவரா, இப்படிப்பட்டவரா என்று. ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. ஜெயசீலி முதற்கொண்டு எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிரமிப்பு என்று வைத்துக்கொள். இத்தனை நாள் அலட்சியமாக நினைத்தவளா இவள் என்று தோன்றியிருக்கும்.

உடனே கொடுத்தேன். ஒரு சொம்பா கொடுத்தேன்? ஒரு டிரம்மையே உருட்டிக்கொண்டு போனேன். காய்ச்சி ஆற்றி, அளவாக உப்பும் சர்க்கரையும் கலந்து, நானே அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஸ்பூனால் கொடுத்தேன். பொழுது சாய்கிற வரைக்கும் அசையவில்லை. மேஜை மேல் அந்தப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அவளுடைய உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறக்காமலே வாங்கிக்கொண்டாள். உலகு, உலகு, இன்னும் ஒரு வாய் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"போதும் டீச்சர்" என்றாள்.

பிழைத்துவிட்டாள். என்னால்தான் பிழைத்தாள் என்று டாக்டரே சொன்னாராம். நேரத்துக்கு யாரோ உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் கிட்னி போயிருக்கும் என்றாராம். அதற்கு ஒரு நன்றி உண்டா? மகன் ஓசூரிலிருந்து வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகிற அன்றைக்கு உலகு வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். என் வீட்டுக்கும் வந்தாள், வராமல் இல்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்று, "வாரேன் டீச்சர்" என்றாள். காப்பி கலக்கட்டுமா என்று கேட்டேன். கார் கீழ நிக்கி என்றாள். பிள்ளையாரைத் துவர்த்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அவர்களுக்குக் குற்றவுணர்ச்சி. என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் வீட்டைக் காலி செய்தார்கள். கீழே வேறு மாதிரிச் சொல்வார்கள், நம்பாதே.

இப்போது சங்கத்துக்கு நான்தான் தலைவி. போட்டியே இல்லை. கூட்டத்துக்கு யாரும் வரவில்லை, மாடசாமி மட்டும் வந்தான்; ஆகவே எதிர்ப்பும் இல்லை. கிணற்றைத் தூர் வாரி, உறை இறக்கி, அடிபம்பு வைத்தாயிற்று. பரிசோதனைக்கு அனுப்பினேன், தேன் மாதிரித் தண்ணீர் என்று வந்திருக்கிறது. நான் எழுதியபடி ஒவ்வொன்றும் நடந்திருக்கிறது. யாரும் வீணாக்கக் கூடாது என்று பம்பின் கைப்பிடியைக் கழற்றி என் வீட்டில் வைத்திருக்கிறேன். குழாயில் வராத நாளில் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். அதுதான் முறை.

போன மாதம்கூட ஒரு நாள் குழாய் நின்றது. எங்கோ பழுது பார்க்கிறார்களாம். நான் காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டி, கதவை விரியத் திறந்து வைத்து, கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடத்தோடு இறங்கினார்கள். ஜெயசீலி இறங்கினாள், அவள் மகள் இறங்கினாள், அந்தப் பெரியவர்கூட ஒரு வாளியோடு இறங்கினார். என் வாசலைத் தாண்டிப் போனார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு சர்ச்சில் குழாய் இருக்கிறது. அங்கே வரிசையில் நின்று, தூக்க மாட்டாமல் தூக்கி, படியெல்லாம் சிந்திக்கொண்டு திரும்ப என் வாசலைத் தாண்டித்தான் ஏறினார்கள். கீழேயே கிணறு இருக்கிறது. வீம்பு பார்த்தாயா? எவ்வளவு வீம்பு இந்த ஆற்றங்கரை ஜனங்களுக்கு?

அதோ, மாடசாமியின் செருப்புச் சத்தம். போய் வீட்டைப் பார். அடுக்களை ஜன்னலைத் திறக்கச் சொல், காற்று எப்படி வருகிறது என்று பார். பிடித்திருந்தால் வந்துவிடு. எதிரெதிர் வீடு, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும். தண்ணீரைப் பற்றி உனக்குக் கவலையே வேண்டாம், நான் இருக்கிறேன். கைப்பிடி இந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எந்த நேரமும் வா. என்ன வேண்டும் என்று நான் கேட்பேன். நீ வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.